கீழ்ப்படிதலும் பொதுப்பொருளும்

சாரணர் குழு ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர், அணிவகுப்பையும் முடிச்சுகளையும் கற்பித்துவிட்டால் தம் பணி முடிந்துவிட்டதாக எண்ணுவதுண்டு. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் குழுவின் களஞ்சிய அறையைத் திறந்து பாருங்கள். அணிவகுப்பைக் காட்டிலும் கடினமான பாடம் ஒன்று அங்கே காத்துக் கிடக்கிறது. கித்தான் கூடாரங்கள், கயிற்றுச் சுருள்கள், இரண்டு கோடரிகள், கரிபிடித்த கேத்தல்கள், ஒரு பெரிய சோற்றுப் பானை. இவை யாருடையவை? ஏட்டின்படி பாடசாலையுடையவை. எனினும் மழை இரவில் அந்தக் கித்தானின் கீழ் உறங்குபவர்கள் சிறுவர்கள். அந்தப் பானையிற் சமைத்து உண்பவர்களும் அவர்களே. எல்லாருக்கும் உரிய பொருள் ஒன்று கெட்டுப்போனால், பொறுப்பு யாருடையது? சிறு கேள்விதான். ஆனால் ஒரு சமுதாயம் தன் பொதுச் செல்வத்தை எவ்வாறு காக்க வேண்டும் என்ற பெருங்கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

கண்டிச் சீமைக்கும் சாரணர் இயக்கத்துக்கும் உள்ள உறவு பழையது. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் தம் முதல் பாசறையை நடத்தினார். 1908இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1912இல், கண்டிக்கு வடக்கே உள்ள மாத்தளையில், கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில், எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவர் இலங்கையின் முதற் சாரணர் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கண்டி தர்மராஜக் கல்லூரியில் ஒரு குழு தோன்றியது. பெண் சாரணியமும் 1917இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையிலேதான் இந்நாட்டில் முதன்முதல் வேரூன்றிற்று.

இயக்கம் வந்து சேர்ந்த மண் எத்தகையது என்பதையும் நாம் மறத்தலாகாது. கண்டியை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867இல். சாரணியம் வந்தபோது அந்தத் தேயிலைக்கு நாற்பத்தைந்து வயது. மலைகளில் துரை இருந்தார். துரைக்குக் கீழே கங்காணி இருந்தான். கங்காணிக்குக் கீழே லயங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. பேடன் பவலின் முதற் சட்டத்தொகுப்பு இச்சூழலில் எவ்வாறு ஒலித்திருக்கும்? சாரணன் அரசனுக்கும் தன் மேலதிகாரிகளுக்கும் நாட்டுக்கும் மட்டுமன்றி, தனக்கு வேலை தரும் முதலாளிக்கும் விசுவாசமாயிருக்க வேண்டும் என்றது ஒரு விதி. அதே தொகுப்பில் இன்னொரு விதி, எந்தச் சமூக வகுப்பைச் சேர்ந்தவனாயினும் ஒவ்வொரு சாரணனும் மற்றவனுக்குச் சகோதரன் என்றது. முதலாளிக்கு விசுவாசம், வகுப்பு கடந்த சகோதரத்துவம் ஆகிய இரண்டையும் ஒரே மூச்சில் உறுதிசெய்யும்படி ஒரு சிறுவனிடம் கேட்கப்பட்டது. முதலாளி பற்றிய வரி 1967இல் பிரித்தானியாவிலேயே கைவிடப்பட்டது. 'நாட்டுக்கு விசுவாசம்' என்ற வரியோ இங்கே வேறொரு கசப்பைச் சுமந்து நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேதான் தீர்ந்தது. அவ்வளவு காலமும் தன்னை ஏற்காத நாட்டுக்கு விசுவாசம் கூறும்படி அக்குடும்பங்களின் பிள்ளைகளிடம் நாம் எந்த முகத்தோடு கேட்டோம்?

இவற்றையெல்லாம் காட்டி, சாரணியம் ஏகாதிபத்தியத்தின் எச்சம், அதனை நாம் தொடவே கூடாது என்று வாதிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது, முடிவுதான் அவசரமானது. 1922இல் லெனினின் துணைவியாரும் கல்வியாளருமான குரூப்ஸ்கயா சாரணியத்தைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதன் நோக்கத்தை அவர் கண்டித்தார்; ஆனால் சிறுவரின் இயல்பறிந்து விளையாட்டாலும் குழுவாழ்வாலும் அவர்களை ஈர்க்கும் அதன் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அதே ஆண்டு மே மாதம் சோவியத் பயனியர் அமைப்பு பிறந்தது. ஆனால் கழுத்துப்பட்டியின் நிறம் மாறியதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையைக் கேள்வி கேளாமல் பின்பற்றும் பழக்கம் அங்கும் வளர்ந்தது. ஆகவே நாம் ஆராய வேண்டியது நிறத்தையன்று, கீழ்ப்படிதலின் தன்மையை.

பேடன் பவலின் விதி இதில் தெளிவானது. பெற்றோர், அணித்தலைவன், சாரண ஆசிரியர் ஆகியோரின் கட்டளையைச் சாரணன் கேள்வியின்றி நிறைவேற்ற வேண்டும். மறுப்பிருந்தால், படைவீரனைப்போல முதலில் செய்து முடித்துவிட்டுப் பின்னர் வந்து காரணம் கூறலாம். இதுவே ஒழுக்கம் என்றார் அவர். நானும் இவ்விதியைப் பல ஆண்டுகள் மாணவருக்குக் கற்பித்தேன். ஒரு கூடாரம் என் எண்ணத்தைத் திருத்தியது.

எங்கள் குழுவில் நகரத்துக் கடைக்காரர் பிள்ளைகள் இருந்தார்கள். உத்தியோகத்தர் பிள்ளைகள் இருந்தார்கள். தோட்டத்து லயத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவன், நாங்கள் அணிவகுப்பு என்று கூறுவதைப் 'பெரட்டு' என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவன் சொல் பிழையன்று. விடியற்காலையில் தொழிலாளர் கூடி நின்று, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக்கொடுக்கப்படும் நிகழ்ச்சிக்குத் தோட்டங்களில் வழங்கும் பெயர் அது. ஆங்கிலேயர் படைக்குரிய சொல்லே திரிந்து தேயிலை மலைக்கு வந்தது. அவனுடைய தாய் நாள்தோறும் நின்ற வரிசையும், அவன் என் முன் நின்ற வரிசையும் அவனுக்கு ஒன்றாகத் தோன்றியதில் வியப்பென்ன?

அந்தானை மலைச்சரிவில் இரண்டு நாட் பாசறை நடத்தித் திரும்பும் நேரம். இரவு முழுதும் மழை பெய்திருந்தது. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் வீடு சேர இயலாது. "கெதியாய், கெதியாய், எல்லாவற்றையும் மடித்துக் கட்டுங்கள்" என்று நான் விசிலை ஊதினேன். அவர்கள் கட்டினார்கள். இரண்டு வாரங்களுக்குப் பின் களஞ்சியத்தைத் திறந்தபோது பெரிய கூடாரம் முழுவதும் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. ஈரக் கித்தானை மடித்து வைத்தால், கண்டியின் குளிரிலும் ஈரத்திலும் அதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. கையால் இழுத்தபோது மடிப்பு வழியே கிழிந்தது.

ஏட்டைப் புரட்டினேன். அந்தக் கூடாரத்தை மடித்து ஒப்படைத்தவன் என்று அந்தத் தோட்டத்துச் சிறுவனின் பெயர் இருந்தது. பொதுப்பொருளைப் பேணக் கற்க வேண்டும் என்று அறிவுரை கூறி, இழப்பில் ஒரு பங்காக ஆயிரத்தைந்நூறு ரூபா கொண்டுவரச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. நான்கு நாட்களுக்குப்பின், பொலித்தீன் பையொன்றில் சுருட்டிய தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி நெடுநாட் கோரிக்கைக்குப்பின் 2021 மார்ச்சிலேதான் 1000 ரூபாவை எட்டியது. நான் கூறுவது அதற்கு முந்திய காலம். அந்தப் பையிலிருந்தது, அவன் தாய் இரண்டு நாட்களுக்கு மேல் கொழுந்து பறித்து ஈட்டிய பணம்.

சாரணர் முறையிலே நல்லதொரு வழக்கம் உண்டு. ஆறு முதல் எட்டுச் சிறுவர் கொண்டது ஓர் அணி. அவர்களுள் ஒருவனே தலைவன். அணித்தலைவர்கள் கூடி, குழுவின் ஒழுங்கையும் குற்றங்களையும் தாமே ஆராய்ந்து தீர்ப்பளிப்பார்கள். பேருக்கு மட்டுமே இருந்துவந்த அந்த மன்றத்தை நான் அன்று கூட்டியது, என் தீர்ப்பை உறுதிப்படுத்திக்கொள்வதற்காகவே. அணித்தலைவர்களுள் இளையவன் எழுந்து, "சேர், ஈரமாயிருக்கும்போது மடிக்கச் சொன்னது யார்?" என்று கேட்டான்.

அறையில் அமைதி நிலவியது. நான் அந்தச் சிறுவனைப் பார்த்து, "தம்பி, கித்தான் நனைந்திருப்பது உனக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியும், சேர். நீங்கள் கெதியாய் மடிக்கச் சொன்னீர்கள்" என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கேள்வியின்றிக் கீழ்ப்படிய வேண்டும் என்று நான் கற்பித்த பாடத்தை அவன் பிழையறக் கற்றிருந்தான். காரணத்தைப் பின்னர் கூறலாம் என்பதல்லவா விதி? பின்னர் கூறியிருந்தால் என்ன பயன்? கூடாரம் அதற்குள் மக்கிப்போயிருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஏட்டில் அவன் பெயருக்கு எதிரே என் பெயரை எழுதினேன்.

அன்று நான் கற்றது இதுதான்: கேள்வியற்ற கீழ்ப்படிதல் பொதுப்பொருளைக் காப்பதில்லை; அதற்குப் பகையாகவே முடிகிறது. பொருளைக் கையால் தொட்டுப் பார்ப்பவன் சிறுவன். ஈரம் அவன் விரலுக்குத் தெரியும்; தொலைவில் நின்று விசில் ஊதுபவனுக்குத் தெரியாது. அறிந்தவன் வாயை மூடிவிட்டு, அறியாதவன் கட்டளையிடும் இடத்தில் எந்தப் பொருள் நிலைக்கும்? "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பொதுச் சொத்தைப் பாழாக்குவோரைப் பழிக்கிறோம். ஆனால் பொருளைப்பற்றிப் பேசும் உரிமை இல்லாதவனுக்கு அது என்றென்றும் ஊரான் வீட்டு நெய்தானே? பேசும் உரிமையை மறுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் சுமத்துவது தோட்டத்துப் பெரட்டுக்களத்தின் நீதி.

மன்றம் சில விதிகளை வகுத்தது. பொதுப்பொருளுக்கு ஆபத்து என்று கண்டால், நேற்றுச் சேர்ந்த சிறுவனும் "நிறுத்துங்கள்" என்று கூறலாம். கட்டளையிட்டவர் காரணம் சொல்ல வேண்டும், அல்லது கட்டளையைக் கைவிட வேண்டும். இழப்பு எவர் பெயரிலுமன்றிக் குழுவின் பெயரிலே எழுதப்படும். வேலை வாரத்தில் வீடுவீடாகச் சென்று முற்றம் துப்புரவாக்கியும் வாகனம் கழுவியும் சேர்த்த பணத்திலிருந்து அது ஈடுசெய்யப்படும்.

இதனால் எல்லாம் உடனே சீராகிவிட்டது என்று கூறினால் அது பொய். முதலில் கவனக்குறைவு கூடியது. கயிறொன்று காணாமற்போயிற்று; எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நிதி ஒருமுறை முற்றாக வற்றியது. மன்றம் மறுபடி கூடி ஒரு திருத்தம் செய்தது. அலட்சியத்தால் பொருளைக் கெடுத்தவன் பணம் தரவேண்டியதில்லை, உழைப்பைத் தரவேண்டும். கித்தானைத் தைக்க வேண்டும், பானையைத் தேய்க்க வேண்டும். இச்சிறுவர்கள் கண்ட நீதியை நான் வியந்தேன். தண்டம் பணமாயிருக்கும்போது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் விலை. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கோ அது பசி. உழைப்பாயிருக்கும்போது இருவருக்கும் அது ஒரே ஒரு சனிக்கிழமை மாலை. சீருடையைப்பற்றியும் இதே கேள்வி எழுந்தது. ஏற்றத்தாழ்வை மறைக்கவே சீருடை என்கிறோம். ஆனால் அதன் விலையே ஏற்றத்தாழ்வைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வெளிறிய காற்சட்டைக்காக ஒருவனை வரிசையிலிருந்து வெளியே நிறுத்திய நாட்களை எண்ணும்போது இன்றும் வெட்கமாயிருக்கிறது. கழுத்துப்பட்டிகளும் சப்பாத்துகளும் இப்போது அதே களஞ்சியத்தில், கூடாரங்களின் பக்கத்தில் இருக்கின்றன. தேவையுள்ளவன் கேளாமல் எடுக்கிறான்.

மகாவலியில் திடீரென வெள்ளம் பெருகும்போதும் சிறுவர்கள் நின்று விவாதிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். "கரையேறு" என்ற குரலுக்கு அக்கணமே பணிய வேண்டும். ஆனால் அந்தக் கணத்தில் அவர்கள் ஏன் பணிகிறார்கள்? காரணம் கேட்ட மற்ற நாட்களிலெல்லாம் காரணம் கூறியவரின் குரல் அது என்பதனால். ஆபத்து வேளைக் கீழ்ப்படிதல், அமைதி வேளையில் ஈட்டிவைத்த நம்பிக்கையின் பயன். அந்நம்பிக்கையை ஈட்டாதவர் விசிலை எவ்வளவு உரத்து ஊதியும் பயனில்லை.

இதை நான் ஒரு கூடாரத்தின் கதையாக மட்டும் எழுதவில்லை. 1915 மே மாத இறுதியில், மாத்தளையிற் சாரணியம் தோன்றி மூன்றே ஆண்டுகளில், கண்டி வீதிகளில் சிங்கள–முஸ்லிம் கலவரம் வெடித்தது. நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2018 மார்ச்சில், திகனவிலும் தெல்தெனியவிலும் கண்டியின் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. வெறிகொண்ட கும்பலை நாம் ஒழுக்கமற்ற கூட்டம் என்கிறோம். அதற்குள்ளும் ஒருவகைக் கீழ்ப்படிதல் உண்டு; யாரோ கைகாட்டுகிறார்கள், யாரோ கல்லெடுக்கிறார்கள், ஏன் என்று எவரும் கேட்பதில்லை. சகோதரத்துவம் பற்றிய விதியை மனப்பாடம் செய்வித்தால் இதற்கு மருந்தாகாது. கையிலிருப்பது ஈரமென்று தெரிந்தவுடன், தெரியும் என்று உரத்துச் சொல்லப் பழகிய பிள்ளை வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையிலும் களஞ்சியம் ஒன்று இருக்கும். அது சாரணர் களஞ்சியமாயிருக்கலாம், விளையாட்டுப் பொருள் அறையாயிருக்கலாம், நூலக அலுமாரியாயிருக்கலாம். அதன் ஏட்டை எடுத்துப் பாருங்கள். கெட்ட பொருள்களுக்கு எதிரே யாருடைய பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன? அவற்றுள் ஒன்றேனும் உங்கள் பெயராயிருக்கிறதா?

எங்கள் பெரிய கூடாரம் இன்னும் பயன்படுகிறது. கிழிந்த மடிப்பு நெடுக வேறு நிறக் கித்தான் வைத்துத் தைத்திருக்கிறோம். மழை பெய்தால் அந்தத் தையல் வழியே சிறிது ஒழுகும். அதன் கீழே கேத்தலை வைத்துவிட்டு உறங்குகிறோம். பாசறை முடிந்த மறுநாட் காலை, வெயில் ஏறியதும், எல்லாருமாக அதை மைதானத்தில் விரிக்கிறோம். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது, குழுவில் புதிதாகச் சேர்ந்தவனின் வேலை.