சிகரமும் கடிகாரமும்

மலையுச்சியை அடைதல் மனிதனுக்கு எக்காலத்தும் பெருமை தரும் செயலாகவே இருந்து வந்துள்ளது. ஆயின், ஒரே நாளில் பல சிகரங்களை ஓடிக் கடந்து, அதற்கெடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, முன்னவரின் நேரத்தை விஞ்ச முயலுதல் இருபதாம் நூற்றாண்டு பெரிதும் வளர்த்தெடுத்த ஒரு வேட்கையாகும். இவ்வேட்கை மனிதனை உயர்த்துகின்றதா, அன்றி அவனைக் கடிகாரத்தின் அடிமையாக்குகின்றதா? இவ்வினாவை அறநோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1932 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலே விருந்தினர் விடுதி நடத்திவந்த பொப் கிரகாம் என்பார், 42 சிகரங்களை 24 மணித்தியாலத்துள் ஏறியிறங்கி மீண்டார். அவர் கடந்த தூரம் ஏறத்தாழ 106 கிலோமீற்றர். ஏறிய ஏற்றங்கள் அனைத்தையும் கூட்டின் ஏறத்தாழ 8,200 மீற்றர். எமது நாட்டின் பீதுருதலாகாலை 2,524 மீற்றர் உயரமுடையது. கடல்மட்டத்திலிருந்து அதன் உச்சிக்கு ஒரே நாளில் மும்முறைக்கு மேல் ஏறுவதற்கு இது நிகராகும். 1975 இல், முதுகில் அறுவைச் சிகிச்சை பெற்றிருந்த ஆட்டுப்பண்ணையாளரான ஜொஸ் நெய்லர் 72 சிகரங்களை ஒரு நாளுள் அடக்கினார். 2018 இல் கிலியன் ஜோர்னெற் பொப் கிரகாமின் பாதையை 12 மணி 52 நிமிடத்தில் ஓடி முடித்தார். நான்கே ஆண்டுகளில் அந்த நேரமும் முறியடிக்கப்பட்டது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று வினவுவோர் உளர். பசித்தவனுக்கு இஃது ஒரு பிடி சோறும் தருவதில்லை என்பது மெய்யே. ஆயின் இசையும் நடனமும் கூட இந்த அளவுகோலுக்கு அகப்படுவனவல்ல. மேலும், சாதனையாளன் தேடுவது இடத்தையன்று. தன் எல்லையையே என்பதற்கு எம்மவருள் ஒருவரே சான்றாக உள்ளார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971 இல் பாக்குநீரிணையை இருவழியும் 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தார். 1980 இல் ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981 இல் நீரிலே கால்களை அசைத்தவாறு 80 மணித்தியாலம் மிதந்தார். நீந்தியவர் மறுகரை சேர்ந்தார் எனலாம்; ஒற்றைக்காலில் நின்றவர் எங்குச் சேர்ந்தார்? நின்ற இடத்திலேயே நின்றார். ஆயினும் நம் முன்னோர் தவம் என்பதற்கு எழுதிய சித்திரமும் அதுவேயன்றோ? உடல் "போதும்" என்று சொல்லும் இடத்தில் உள்ளம் "இன்னும் சிறிது" என்று சொல்லுமாயின், அங்கு மனிதன் தன்னைப் பற்றிய ஓர் உண்மையை அறிகின்றான். அந்த அறிவைப் பயனற்றது என ஒதுக்குதல் பொருந்தாது.

அவ்வறிவுக்குக் கொடுக்கும் விலை யாது என்பது அடுத்த வினா. 1984 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். தன் உயிரைத் தானே துலாக்கோலில் இட்டவரை நாம் கண்டிக்க உரிமையுடையோமா? தான் தேர்ந்த துன்பத்தைத் தானே ஏற்பவனிடம் பிறர் வழக்காட இடமில்லை என்பர் தனிமனித உரிமையைப் போற்றுவோர். இவ்வாதம் வலியதே. ஆயின் அது ஓர் எடுகோளின்மீது நிற்கின்றது. சாதனையாளன் தனியன் என்பதே அவ்வெடுகோள்.

உண்மையில் அவன் தனியன் அல்லன். 2023 யூலை 27 ஆம் திகதி நோர்வே நாட்டைச் சேர்ந்த கிறிஸ்ரின் ஹரிலாவும் நேபாளத்தைச் சேர்ந்த தென்ஜென் ஷெர்பாவும் கே-2 சிகரத்தை அடைந்தனர். 8,000 மீற்றருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களையும் 92 நாள்களில் ஏறி முடித்த சாதனை அன்று நிறைவுற்றது. அதே நாளில், அதே பாதையில், பாகிஸ்தானியச் சுமைதூக்குநர் ஒருவர் வழுக்கி வீழ்ந்து, பின்னர் இறந்தார். அவர் கிடந்த இடத்தைத் தாண்டி ஏறுவோர் பலர் மேலே சென்ற காட்சி உலகெங்கும் காட்டப்பட்டது. தம் குழுவினர் அவரைக் காக்க முயன்றனர் என்றும், ஒருவர் அவருடன் நெடுநேரம் தங்கினார் என்றும் ஹரிலா தெரிவித்தார். மூன்று மாதங்களுக்குள், சாதனையை நாடிய வேறொருவருக்கு வழிகாட்டிச் சென்ற தென்ஜென் ஷெர்பா சிசாபங்மா மலையில் பனிச்சரிவில் மாண்டார்.

இங்கு எவர்மீதும் தீர்ப்புக் கூறுதல் எமது நோக்கமன்று. எண்ணாயிரம் மீற்றர் உயரத்தில் மூச்சுவிடுவதே அரிது. இன்னொருவரைச் சுமந்திறங்குதல் பலருக்கு இயலாது. இயலாததை அறம் வேண்டுவதில்லை. ஆனால் வினா அவ்வோர் இடுக்கில் தொடங்குவதன்று. புறப்படும் முன்னரே, திரும்புவதற்கு இடமேயில்லாதவாறு நாளும் நாழிகையும் வகுக்கப்பட்டனவா என்பதே வினா. மணித்துளி ஒவ்வொன்றும் இலக்குக்கு முன்கூட்டியே விற்கப்பட்டுவிட்டால், வழியில் வீழ்ந்தவனுக்குக் கொடுக்க மனிதனிடம் எஞ்சுவது யாது?

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய வலிமைகளுள் துணைவலியையும் ஒன்றாக வைத்தமை ஈண்டு நோக்கற்பாலது. துணைவரின்றிப் பெருஞ்செயல் இல்லை. பொப் கிரகாமின் பெயரால் இயங்கும் கழகம், ஒவ்வொரு சிகரத்திலும் ஓடுபவருடன் ஒரு சாட்சி இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது. பொய் புகாமற் காப்பதற்கான விதி அது. ஆயினும் அதில் ஆழ்ந்த பொருளொன்றும் உண்டு. சாட்சியாக நிற்பவன் நேரத்தை மட்டுமா காண்கின்றான்? ஓடுபவன் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதையும் அவனே காண்கின்றான்.

விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும் சூழ்ந்த எமது சீனன்குடாவில் சாதனைக்குரிய சிகரம் எதுவும் இல்லை. சில மைல் தொலைவில், கடலை நோக்கி நிற்கும் கோணேசர் மலையில் 'இராவணன் வெட்டு' உண்டு. தன் தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்தெடுக்க இராவணன் வாளோச்சிய இடம் அது என்பர். அதே இராவணன், தன் தேரின் வழியை மறித்தது என்னும் சினத்தால் கயிலையைப் பெயர்க்க முயன்று நசுங்கிய கதையையும் நாம் அறிவோம். வலிமை ஒன்றே, தோள்களும் அவையே. முன்னதில் அவன் ஒருத்திக்காக மலையைத் தொட்டான். பின்னதில் தன் விரைவுக்குத் தடை என்று தொட்டான். இரண்டிலும் மலை பெயரவில்லை. ஆயினும் முதற் கதையைத் திருகோணமலை மக்கள் இன்றும் அன்போடு சொல்லுகின்றனர்.

ஆகவே விரைவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. தேவை நேர்ந்தபோது கைவிடக்கூடிய இலக்கே அறத்தோடு இயையும் இலக்காகும். கைவிட முடியாத இலக்கு, ஏறியவனையும் உடன் வந்தவனையும் விழுங்கிவிடும். இது மலைக்கு மட்டுமன்று, புள்ளிகளையும் வகுப்புகளையும் நோக்கி விரையும் பல்கலைக்கழக வாழ்வுக்கும் பொருந்தும். உச்சியில் நின்றவனிடம் உலகம் நேரத்தைக் கேட்கும். வழியில் யாரைக் கண்டாய், அவருக்கு யாது செய்தாய் என்று கேட்க வேண்டியவன் அவனே.