மார்கழியில் ஃபேன் போட்டவள்

மார்கழி மாதம், விடியற்காலை 3 மணி. வீடே கம்பளிக்குள் சுருண்டு கிடந்தது. நான் மட்டும் கூடத்தில் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுக்குள் கிளம்பிய சூடு கன்னம், காதுமடல் வரை திகுதிகுவென்று ஏறியது. அப்போது எனக்கு 44 வயது. "மார்கழியில யாராவது ஃபேன் போடுவாங்களா? என்னதான் ஆச்சு உனக்கு?" என்று கேட்டார் கணவர். என்ன ஆச்சு என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததால் கத்தினேன். கத்திவிட்டோமே என்று அழுதேன். காலையில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இட்லி ஊற்றினேன்.

அந்த மன்னிப்பை இன்று திரும்பப் பெறுகிறேன். கத்தியதற்கு வருத்தப்படலாம். வியர்த்ததற்கும், தூங்காததற்கும், மறந்ததற்கும் எதற்கு மன்னிப்பு? நீங்கள் கேட்ட மன்னிப்புகளையும் திரும்பப் பெறுங்கள், சகோதரிகளே!

"முன்ன மாதிரி இல்ல நீ." "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழற." நாற்பதைத் தாண்டிய பெண்களில் இதைக் கேட்காதவர் எத்தனை பேர்? உடம்பில் நடக்கும் ஒரு மாற்றத்தை நம் குணத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். நாமும் அதை நம்பிவிடுகிறோம். கொடுமை அதுதான்.

இதற்குப் பெயர் உண்டு: பெரிமெனோபாஸ். மாதவிடாய் அடியோடு நிற்பதற்கு முன்னால் வரும் தடுமாற்றக் காலம். சிலருக்கு இரண்டு வருடத்தில் முடியும், சிலருக்கு எட்டு, பத்து வருடம்கூட இழுக்கும். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. மேலைநாட்டுப் புத்தகங்கள் அதற்கு 51 வயது என்று எழுதும். இந்தியப் பெண்களுக்கு 46, 47-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆகவே நாற்பதிலேயே, சிலருக்கு அதற்கு முன்பேகூட, இந்தத் தடுமாற்றம் தொடங்கலாம். "இந்த வயசுலயா? இருக்காது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் படிப்படியாக இறங்கி ஒருநாள் தீர்ந்துபோகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோடைக்கால மின்சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் பல்பு மினுக் மினுக்கென்று மங்கும், அடுத்த நிமிடம் கண்ணைப் பறிக்கும். ஈஸ்ட்ரோஜன் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. சில மாதம் முட்டை வெளியாவதில்லை. அப்போது புரோஜெஸ்ட்ரான் என்ற இன்னொரு ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது. கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய், நாள் தள்ளி, பிறகு கட்டுக்கடங்காமல் கொட்டுகிறது. மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் இந்த ஏற்ற இறக்கத்தில் தடுமாறி, சின்னச் சூட்டையும் பெருஞ்சூடு என்று எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. மார்கழியில் நான் ஃபேன் போட்டது திமிரால் அல்ல. மனநிலையைச் சமன்செய்யும் செரட்டோனினும் ஈஸ்ட்ரோஜனோடு கைகோத்துத்தான் வேலை செய்கிறது. தூக்கமும் கெட்டு, அந்தச் சமனும் குலைந்தால் எந்த மனுஷிக்கும் கோபம் வரும், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும், அழுகை முட்டும்.

என்னை அதிகம் பயமுறுத்தியது மறதி. நான் தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்பில் "ஓடி வந்தான்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதில் ‘ஓடி’ என்பது..." என்று திரும்பினேன். சொல் வரவில்லை. 20 வருடமாகச் சொல்லிக்கொடுத்த சொல். நாற்பது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாக, "வினையெச்சம், மிஸ்" என்றாள். அன்று ஓய்வறைக்குப் போய், அம்மாச்சிக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிட்டதோ என்று நடுங்கினேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்றைக்கு எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கி, ஏறத்தாழ 3,300 பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ என்ற ஆய்வு இந்த மறதியையும் பார்த்தது. இந்தத் தடுமாற்றக் காலத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வேகம் சற்றுக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்புகிறது! எனக்கும் திரும்பியது. நடுவில் சோர்ந்து வேலையை விட்டிருந்தால், இதைத் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன்.

தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தவர்கள், பேரிளம்பெண்ணை நாற்பது வயதோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பெயரே இல்லை. வயதுக்கு வந்ததற்கு ஊரைக்கூட்டி, மைக் செட் வைத்து மஞ்சள் நீராட்டுகிறோம். மாதவிடாய் விடைபெறும் காலத்தில் மாமியாரிடம்கூடக் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. எட்டாவது பருவத்தை நாம்தான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

பெண்ணின் தொல்லையைக் காதுகொடுத்துக் கேட்காத இடத்தில் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஏறத்தாழ 82,000 பேரை 2019-ல் கணக்கெடுத்தார்கள். 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. அவர்களில் பலர் இளம்பெண்கள். தேவையற்ற கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்க மாநிலங்கள் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. என்னிடமும் ஒரு மருத்துவர், ஐந்தே நிமிடத்தில், "பிள்ளை பெத்தாச்சுல்ல, எடுத்துடலாம்" என்றார். என் வயிறு என்ன பழைய பீரோவா? எழுந்து வந்துவிட்டேன். வேறொரு மருத்துவரைப் பார்த்தேன்.

அறுவை சில பேருக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் பேச்சாக இருக்கக் கூடாது. ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. "வேறு வழி என்ன? சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா? எடுத்தால் என் எலும்புக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லப் பொறுமை இல்லாதவரிடம் உங்கள் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

இந்தச் சூட்டுக்கும் வியர்வைக்கும் தரும் ஹார்மோன் சிகிச்சை என்றாலே கேன்சர் என்று அலறுகிறோம். 2002-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு கிளப்பிய பயம் அது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. தொல்லை அதிகமுள்ள, 60 வயதுக்குட்பட்ட, வேறு நோயில்லாத பெரும்பாலான பெண்களுக்கு ஆபத்தைவிடப் பலனே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் கருத்து. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு ஆகாது. உங்களுக்கு ஆகுமா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள், பக்கத்து வீட்டுப் பயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாதவிடாய் வந்த தேதி, எத்தனை நாப்கின், எத்தனை முறை சூடு ஏறியது, எத்தனை மணிக்கு விழிப்பு, மனசு எப்படி இருந்தது என்று மூன்று மாதம் எழுதி மருத்துவர் மேசையில் வையுங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டும் இதே வேஷம் போடும். ரத்தசோகையை லேசாக எண்ணாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஏற்கெனவே வற்றிய கிணற்றிலிருந்து மாதாமாதம் இறைத்தால் என்ன மிஞ்சும்? மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 12 மாதம் நின்றபிறகு ஒரு சொட்டு பட்டாலோ, அன்றைக்கே கிளம்புங்கள். பேத்தியின் காதுகுத்து காத்திருக்கட்டும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போகாதீர்கள். கூட இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்த மாற்றக் காலத்தில் மனச்சோர்வு தாக்கும் வாய்ப்பு கூடுகிறது. வைத்தியம் செய்தால் தீரும்.

வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த தட்டுகளை எடுக்காமல், கணவரையும் மகனையும் எதிரே உட்காரவைத்து, ஈஸ்ட்ரோஜனில் தொடங்கிக் கரும்பலகை வரை எல்லாவற்றையும் சொன்னேன். மகனுக்கு 17 வயது. காது சிவந்து, தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். கணவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து தட்டுகளை அவரே எடுத்துப் போனார்.

அந்த வருட மார்கழியிலும் 3 மணிக்கு விழிப்பு வந்தது. கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் மகன் எழுந்து வந்தான். சுவிட்சைத் தடவினான்.

"அஞ்சுல வைக்கட்டுமாம்மா?"