நாலாக மடித்த பேப்பர்

தேநீர்க்கடை பெஞ்சில்தான் தமிழ்நாடு பேப்பர் படிக்கப் பழகியது என்று பெருமையாகச் சொல்வோம். 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியை எழுத்துக்கூட்டிப் படித்தே பலர் வாசகரானார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அந்த பெஞ்சில் பெண்களுக்கு இடமிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் பேப்பர் முதலில் அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. என் அம்மாவின் கைக்கு அது பெரும்பாலும் அலமாரியில் விரிக்கும் தாளாகவோ, கடலைப் பொட்டலமாகவோதான் வந்து சேர்ந்தது.

அதனால்தான் தாராபுரம் பேருந்து நிலையத்தில் என் காசில் வாங்கி, இன்னும் யாரும் பிரிக்காத பேப்பரைப் பிரிப்பதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம். குண்டடம், பல்லடம் வழியாகக் கோவை போய்ச்சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். கைபேசியிலும் செய்தி இருக்கிறது. ஆனால் அதே கைபேசியில்தான் ‘கேஸ் புக் பண்ணியாச்சா?’ என்று வீடும் கூப்பிடுகிறது. பேப்பருக்கு என் பெயர் தெரியாது. நான் தேடியிருக்கவே மாட்டாத செய்தியையும் அது என் மடியில் போடுகிறது.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பயணத்தின் காசுக்கணக்கு அங்கே ஒழிந்தது, நேரக்கணக்கு ஒழியவில்லை. எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய்? ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, வேலை, கோயில் எல்லாம் பதிலாகும். சும்மா இருந்தேன் என்பது பதிலாகாது. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011-இல் வெளிவந்த ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் இதைத்தான் பேசுகிறது: காரணம் காட்டாமல் பொதுவெளியில் இருப்பதும் பெண்ணின் உரிமை. பேப்பர் படிக்கும் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு அப்படிப்பட்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் சாலை அது, வழியெல்லாம் காற்றாலைகள். பேப்பரை முழுதாக விரித்தால் பக்கத்திலிருப்பவர் முகத்தில் அடிக்கும். நான் நாலாக மடித்துக்கொள்கிறேன். முன்சீட்டுக்காரர் இரண்டு முழங்கைகளையும் அகட்டி விரித்தே படிக்கிறார். என் மடிப்பு பண்பா, பழக்கிவிட்ட பழக்கமா? அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யாதிருப்பது நல்ல குணம்தான். ஒரு பாலாருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் அது அடக்கி வைப்பதாகிவிடுகிறது. மடிப்பதை நாம் விடவேண்டாம். முன்சீட்டுக்காரரிடம், “கொஞ்சம் மடிச்சுப் படிங்க” என்று சொல்லப் பழகலாம்.

சுருங்குவது வேறு, பகிர்வது வேறு. பக்கத்தில் உட்காரும் அம்மா, “ஏங் கண்ணு, சின்ன வெங்காயம் என்ன வெல போட்டிருக்குது?” என்று கேட்டால், பார்த்துச் சொல்லிவிட்டு நடுத்தாளை உருவிக் கொடுப்பேன். அதை அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.