வருமுன் காப்பதன் கணக்கு

ஹீமோபீலியா உள்ள பிள்ளைக்கு இரத்தத்தை உறையவைக்கும் காரணி குறைவு. நோய் கடுமையானால் விழாமலே மூட்டுக்குள் இரத்தம் கசியும். நாளடைவில் மூட்டுப் பழுதாகும். காரணி 1 வீதத்துக்கு மேல் உள்ளவர்களின் மூட்டுகள் பெரும்பாலும் தப்புவதைக் கவனித்த வைத்தியர் இங்கா மரீ நில்சன், சுவீடனின் மால்மோ நகரில் 1958 முதல், கசிவு தொடங்குமுன்பே பிள்ளைகளுக்குக் காரணியை ஏற்றினார்.

இதற்குச் செலவு அதிகம். வராத வலிக்கு வரிப்பணமா என்று சிலர் கேட்கலாம். நான் கணக்காளன். எங்கள் பேரேட்டில் மருந்தின் விலை செலவாகப் பதியப்படும். பழுதாகாத முழங்காலைப் பதிய அங்கே இடமில்லை. அதனால் அது இலாபமில்லை என்றாகிவிடுமா? வருமுன் காப்பதை வாயால் புகழ்ந்துவிட்டு, விலைச்சிட்டையைக் கண்டதும் தயங்குவது அறமாகாது. அந்தப் பிள்ளை தன் காலால் பாடசாலைக்கு நடந்துபோகும் ஒவ்வொரு நாளையும் வரவில் எழுதிப் பாருங்கள்.