அரைவேக்காடு

அண்டம் விரிகிறது என்று முதலில் படித்தபோது எனக்கு வந்த சந்தேகம் சின்னதுதான்: அப்படியானால் மேஜைமேல் கிடக்கும் ஒரு மீட்டர் அளவுகோலும் நீள்கிறதா? இன்றைய விரிவு வேகத்தைப் போட்டுப் பார்த்தால், ஓராண்டில் ஓர் அணுவின் அகலம்கூடத் தேறாது. வேடிக்கை என்னவென்றால், அந்த அற்ப நீட்சியும் நடப்பதில்லை. அளவுகோலின் அணுக்களை மின்விசை பிடித்து வைத்திருக்கிறது. அணுக்கருவை அதைவிட முரட்டு விசை ஒன்று. 1929-இல் வானியலாளர் ஹபிள் கண்ட விலகலெல்லாம் தொலைதூர விண்மீன் திரள்களுக்குத்தான். அண்டை வீட்டுத் திரளான ஆண்ட்ரோமெடா விலகாததோடு, நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

அளவுகோல் நீளவில்லை, சரி. கருந்துளை? அண்டம் விரிய விரியக் கருந்துளைகளும் கனக்கின்றன, விரிவை முடுக்கும் ஆற்றலே அவற்றிடமிருந்து வருகிறது என்று 2023-இல் ஒரு குழு சொன்னது. அழகான எண்ணம். ஆனால் பழைய விண்மீன் கொத்துகளில் இருக்கும் கருந்துளைகள் அப்படிப் பருத்ததாகத் தெரியவில்லை என்று மறுப்பும் வந்தது. எனக்கும் அது ஒட்டவில்லை. விரிவுக்கும் கருந்துளைக்கும் உள்ள உறவு இன்னும் பழையது என்றே படுகிறது.

முதல் சில நிமிடங்களில் அண்டமே ஓர் உலை. புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து ஹீலியமாக வெந்துகொண்டிருந்தன. உலை மெல்ல மெல்ல ஆறியிருந்தால் எல்லாமே இரும்புவரை வெந்து முடிந்திருக்கும். பிறகு எரிய என்ன இருக்கிறது? விரிவு அவசரப்பட்டு அடுப்பை அணைத்துவிட்டது. நிறையில் கால் பங்கு ஹீலியம் ஆனது, முக்கால் பங்கு ஹைட்ரஜனாகவே நின்றுவிட்டது.

அந்த மிச்சத்தைத்தான் விண்மீன்கள் எடுத்துச் சமைக்கின்றன. பெரிய விண்மீனின் நடுவில் இரும்பு திரண்டதும் அடுப்பு அணைந்துவிடுகிறது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர் வழியில் போட்ட கணக்கு அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறது. எரிந்து ஓய்ந்த விண்மீன், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் கனத்தால் தன் எடையையே தாங்காது. இரும்பு மையத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். சரிந்து, பிரம்மாண்டமான ஓர் அணுக்கருவைப்போல் நெருங்கி நிற்கும். அதுவும் தாங்காவிட்டால் கருந்துளை. அன்று விரிவு பாதியில் நிறுத்திய சமையல் அங்கே போய்த்தான் முடிகிறது.

அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அதிலுள்ள ஆக்சிஜன் பிற்பாடு ஏதோ ஒரு விண்மீனில் வெந்தது. ஹைட்ரஜன், 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வேகாமல் தப்பியது.