களவு போகாத செல்வம்

தீர்த்த யாத்திரை முடித்து இல்லம் திரும்பும் ஒரு குடும்பம், பூட்டு உடைக்கப்பட்டுக் கதவு திறந்து கிடப்பதைக் காண்கிறது. பீரோ குடையப்பட்டிருக்கிறது. பாட்டி காலத்து வளையல்கள், மகளின் திருமணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகைகள், பூஜையறையிலிருந்த வெள்ளி விளக்கு எல்லாம் போய்விட்டன. நாட்டின் எந்த நகரத்திலும் எந்தக் குடும்பத்திற்கும் நேரக்கூடிய துன்பம் இது. காவல்துறையினர் வந்து போகின்றனர். புதிய பூட்டு போடப்படுகிறது. உற்றார் ஆறுதல் கூறி விடைபெறுகின்றனர். உண்மையான சோதனை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இரவில் ஜன்னல் அசைந்தாலே நெஞ்சு படபடக்கிறது. யாரோ ஒருவனின் கை தம் துணிமணிகளில் பட்டதை எண்ணி உடல் கூசுகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. வழிபாட்டிற்கு அமர்ந்தால் ஒரு கேள்வி எழுகிறது: ‘அவனைத் தரிசிக்கத்தானே சென்றிருந்தோம்? அவன் ஏன் நம் வீட்டைக் காக்கவில்லை?’

இவ்வாறு கேட்பது பாவமன்று. பக்தர்கள் பலரும் கேட்ட கேள்வியே இது.

இறைவனின் நகையும் களவு போயிற்று

தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர் வாழ்ந்த காலத்தில், அங்குள்ள ராதாகாந்தர் சந்நிதியின் நகைகள் ஒருமுறை திருடு போயின. ராணி ராசமணியின் மருமகனான மதுர்பாபு மனம் வருந்தி, தன் நகைகளைத் தானே காத்துக்கொள்ள முடியவில்லையே என்று இறைவனையே கடிந்துகொண்டார். ஸ்ரீராமகிருஷ்ணர் அதை ஏற்கவில்லை. திருமகளே பணிவிடை செய்யும் ஒருவனுக்குச் செல்வத்தில் குறை ஏது? நமக்குப் பொன்னாகத் தெரிவது அவனுக்கு மண்கட்டியே என்று எடுத்துரைத்து மதுரைத் திருத்தினார்.

பெட்டியிலுள்ள பொன்னுக்குக் காவல் நிற்பதாக இறைவன் எங்கும் வாக்களிக்கவில்லை. எதை இழந்தாலும் அவனை நாடித் திரும்பக்கூடிய மனத்தை அவன் நமக்கு அளித்திருக்கிறான். அந்த மனம் களவு போகாதவரை பக்தனின் முதல் அழியவில்லை.

ஆயினும் இந்த உபதேசத்தைப் பிறருடைய துயரத்தின் மீது எறிதல் கூடாது. இறைவனின் பார்வையில் மண்கட்டியாக இருப்பது, இருபது ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த தாய்க்கு அவளது உழைப்பு, பாட்டியின் நினைவு. அவள் அழுவதில் தவறில்லை. ‘எல்லாம் மாயை’ என்று அவளிடம் கூறுவதைவிட, அவளருகில் சற்று நேரம் அமர்ந்திருப்பது பெரிய சேவை. பற்றின்மை என்பது தன் இழப்பை அளப்பதற்கு உரிய கோல்; அதைக் கொண்டு அடுத்தவரின் கண்ணீரை அளத்தல் தகாது.

துறவியின் வழியும் இல்லறத்தாரின் கடமையும்

காஜிப்பூரில் வாழ்ந்த மகான் பவஹாரி பாபாவின் குடிலில் ஓர் இரவு திருடன் புகுந்தான். அவரைக் கண்டு அஞ்சி, கட்டிய மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். பாபாவோ அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னே நெடுந்தூரம் ஓடினார். அவன் காலடியில் அதை வைத்து, இடையூறு செய்தமைக்காகக் கைகூப்பி மன்னிப்பு வேண்டினார்; இவை உன்னுடையவையே, ஏற்றுக்கொள் என்று கண்ணீருடன் மன்றாடினார். 1890-இல் பவஹாரி பாபாவைத் தரிசித்த சுவாமி விவேகானந்தர், இந்நிகழ்ச்சியைப் பெரிதும் போற்றி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இமயமலைப் பகுதியில் சுவாமிஜி சந்தித்த ஒரு சாது, அந்தத் திருடன் தானே என்று கூறியதாக அவரது வரலாறு தெரிவிக்கிறது.

இல்லறத்தாரும் இவ்வாறே திருடனைத் தேடிச் சென்று எஞ்சியதையும் கொடுத்துவிட வேண்டுமா? அன்று. எங்கும் நாராயணனையே கண்டவரின் செயல் அது. அந்த அனுபவம் இன்றி அச்செயலை மட்டும் மேற்கொள்வது வெறும் நடிப்பாகிவிடும். இல்லறத்தாருக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் வேறொரு கதை கூறியிருக்கிறார். துறவியின் உபதேசத்தைக் கேட்டு ஒரு பாம்பு கடிப்பதை விட்டது. சிறுவர்கள் அதை அடித்து நொறுக்கினர். திரும்பி வந்த துறவி, கடிக்காதே என்றுதான் சொன்னேன், சீறாதே என்று சொல்லவில்லையே என்றார்.

புகார் அளிப்பதும் கதவை வலுப்படுத்துவதும் இந்தச் சீற்றத்தைப் போன்றவை. அடுத்த வீட்டாரைக் காக்கும் கடமையும் அதில் அடங்கியுள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி இத்தகைய குற்றம் குறித்து எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் கட்டணமின்றிப் பெறலாம். சட்டம் தன் பணியைச் செய்யட்டும். திருடன்மீது வஞ்சம் வளர்ப்பது மட்டும் நம் பணியன்று. அந்த நஞ்சு முதலில் நம்மையே கொல்லும்.

இரண்டாவது திருட்டு

முதல் திருடன் பூட்டை உடைத்து நுழைந்தான். இரண்டாவது திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். அவன் பெயர் சந்தேகம்.

பாத்திரம் தேய்க்கும் பெண், காவலாளி, பக்கத்து வீட்டு இளைஞன் என ஒவ்வொருவராக மனம் குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. வீட்டிற்கு யார் யார் வந்து சென்றனர் என்று அதிகாரிகள் கேட்டால், உள்ளதை உள்ளபடி கூறுவது கடமை. ஆனால் சான்றின்றி, ‘இவள்தான் எடுத்திருப்பாள்’ என்று நாலு பேரிடம் சொல்வது வேறு. நகையை மீண்டும் செய்துகொள்ளலாம். பல வீடுகளில் உழைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்ணுக்கு நற்பெயரே முதல். அது போனால் அவள் குழந்தைகளின் உணவும் போகும். பதஞ்சலி முனிவர் யோகத்தின் முதல் அங்கமான யமத்தில் கள்ளாமையைச் சேர்த்திருக்கிறார். பொருளைத் திருடாதிருப்பதோடு அந்த விரதம் முடிந்துவிடுவதில்லை. ஆதாரமின்றி ஒருவரின் நற்பெயரைப் பறிப்பதும் களவே. களவால் துன்புற்றவர் தாமே களவு செய்தல் தகுமோ?

‘நீதான் சரியாகப் பூட்டவில்லை’ என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டும்போது, திருடன் தொடாத ஒன்றும் அந்த வீட்டை விட்டுப் போகிறது. குழந்தைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். இழப்பைப் பெரியவர்கள் எவ்வாறு தாங்குகின்றனர் என்பதே அவர்களுக்கு அன்றைய பாடம்.

அச்சம் நீங்கும் வழி

அச்சம் ஒரே நாளில் அகலாது. இரவில் பூட்டை ஒருமுறை சரிபார்ப்பது கடமை; அதன் பிறகும் பத்து முறை எழுந்து பார்க்க மனம் துடித்தால், அந்தத் துடிப்பை ஜபத்திற்குத் திருப்ப வேண்டும். குடும்பத்தினர் அனைவரும் உறங்குமுன் சிறிது நேரம் சேர்ந்தமர்ந்து இறைநாமம் சொல்வது பெரும் பலம் தரும். வெள்ளி விளக்கு போனால் அகல் விளக்கை ஏற்றலாம். அதன் சுடர் எவ்வகையிலும் குறைந்ததன்று. தனியே தாங்க முடியாத கலக்கம் நீடித்தால் மருத்துவரின் உதவியை நாடுவதும் விவேகமே.

அனைத்தும் ஈசனால் நிறைந்தவை, பிறர் பொருளை விரும்பாதே என்று போதிக்கிறது ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் முதல் மந்திரம். திருடன் அதை மறந்தான். நாமும் ஒன்றை மறந்திருக்கிறோம்: நம் பொருள் என்று பூட்டி வைத்ததும் அவனுடையதே, சில காலம் நம் பொறுப்பில் இருந்தது. பொறுப்பாளர் கவனத்துடன் காக்கட்டும். போனால் வருந்தட்டும், தேடட்டும். ஆனால் அன்பையும் நேர்மையையும் இறைநம்பிக்கையையும் அதனுடன் சேர்த்துத் தொலைத்துவிட வேண்டாம். அவற்றை எந்தத் திருடனாலும் எடுத்துச் செல்ல இயலாது, நாமாகக் கொடுத்தாலன்றி.