யாருடைய ஒருமனது?

பூம்பாறைக்கு வருகிறவர்கள் அடுக்கடுக்கான பூண்டுத் தோட்டங்களைப் படம் பிடிக்காமல் போவதில்லை. அந்தப் பாத்திகளில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோனது எங்கம்மாவுக்கு. சில வருசங்களுக்கு முன்னால், இருபது ஆண்டுகள் கழித்து மலை விவசாயம் எப்படி இருக்கும் என்று கணிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள், படித்தவர்கள், தோட்டக்காரர்கள். நான் டீ கொடுக்கப் போனேன். கடைசியில் ‘அனைவரும் ஒருமனதாக’ என்று வாசித்தார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கேட்டுச்சு: “அந்த அனைவருல நாம இருக்கமாடா?”

இந்தக் கேள்வியோடுதான் பின்னாளில் டெல்ஃபி முறை பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950களில் பிறந்தது. நிபுணர்களை ஒரே அறையில் உட்கார வைப்பதில்லை. தனித்தனியாகக் கேள்வித்தாள் போகும். பதில்களைத் தொகுத்து, பெயரை மறைத்து, மறுபடி அனுப்புவார்கள். பெரிய மனுசன் குரலுக்கு மற்றவர்கள் அடங்கிப்போகக் கூடாது என்பதுதான் நோக்கம். விலகி நிற்கும் கருத்துக்காரரிடம் காரணம் கேட்பதும் பின்பு வழக்கமானது.

எனக்கு இது பிடித்திருந்தது. வாயைத் திறக்கும் முன்பே தெருப்பெயரால் எடைபோடப்படுகிறவனுக்குப் பெயர் மறைப்பு ஒரு விடுதலை. நம்ம ஊர்க்கூட்டத்தில் விலகி நிற்பவனிடம் காரணமா கேட்கிறார்கள்? ஊரைவிட்டே ஒதுக்குகிறார்கள். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 2006 வரை நிலையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. அதுவும் ஊர் ‘ஒருமனதாக’ எடுத்த முடிவுதான்.

ஆனால் டெல்ஃபியின் முதல் கேள்வி என்ன தெரியுமா? அமெரிக்க ஆயுத உற்பத்தியை இவ்வளவு குறைக்க எதிரிக்கு எத்தனை அணுகுண்டு வேண்டும் என்பது. பதில் சொன்னவர்கள் 7 நிபுணர்கள். குண்டு விழும் தெருவில் இருக்கும் தொழிலாளியிடம் கேள்வித்தாள் போகவில்லை. பெயரை மறைப்பது வேறு, பட்டியலிலேயே பெயர் இல்லாமல் இருப்பது வேறு.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நிபுணர் குழு வந்தது. மாதவ் காட்கில் தலைமையில் 2010இல் அமைத்தார்கள், 2011இல் அறிக்கை கொடுத்தது. கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்றது அது. அந்த அறிக்கையையே அரசு பூட்டி வைத்தது. தகவல் உரிமைச் சட்டமும் நீதிமன்றமும் தலையிட்டு 2012இல்தான் மக்கள் கண்ணில் பட்டது. சரி, கிராம சபை என்றால் மட்டும்? அதில் கூலிக்காரி எங்கே உட்காருவாள், பேசினால் மறுநாள் வேலை கிடைக்குமா?

நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்லவில்லை. கணிப்பு தப்பினால் தோட்டக்காரருக்கு நட்டம், அம்மாவுக்குப் பட்டினி. விளைவைச் சுமக்கிறவர் ‘முடியாது’ என்று பயமில்லாமல் சொல்ல வேண்டும், அந்த மறுப்பு காரணத்தோடு ஏட்டில் ஏற வேண்டும். அதுவரை ஒருமனது என்பது ஒப்புதல் இல்லை, வாயடைப்பு.

அம்மாவின் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இல்லம்மா, நாம அதுல இல்ல. டீ கிளாஸ் கணக்குல மட்டுந்தான் இருந்தோம்.